தொலைப்பணியும் அலுவலகத் திரும்புதலும்

தொலைப்பணி என்பது பணியாளர் ஒருவர் தம் நிறுவனத்தின் அலுவலகத்திற்குச் செல்லாமல், கணினி, தொலைபேசி, இணையம் ஆகியவற்றின் துணையுடன் தம் வீட்டிலிருந்தோ வேறோர் இடத்திலிருந்தோ பணியாற்றும் முறை ஆகும். பேச்சு வழக்கில் இது ஒர்க் ஃபிரம் ஹோம் என்றே பெரிதும் வழங்குகிறது. இவ்வாறு பணியாற்றி வந்தவர்களை நிறுவனங்கள் மீண்டும் அலுவலகத்திற்கு அழைத்துக் கொள்வது அலுவலகத் திரும்புதல் எனப்படும். வாரத்தில் சில நாட்கள் அலுவலகத்திலும் எஞ்சிய நாட்கள் வீட்டிலும் பணியாற்றுவது கலப்புப் பணி எனப்படும்.

தமிழ்நாட்டில் இம்முறை 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கின்போது திடீரெனப் பரவியது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணியாற்றியோர் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி அங்கிருந்தே பணிபுரிந்தனர். 2022-க்குப் பின்னர் அவர்கள் படிப்படியாகத் திரும்ப அழைக்கப்பட்டனர். இரு மாற்றங்களையும் எல்லோரும் ஒரே விதமாக எதிர்கொள்ளவில்லை. வயது, பணியனுபவம், பாலினம், குடும்பப் பொறுப்பு, வீட்டின் அளவு, ஊரின் தொலைவு ஆகியவற்றைப் பொறுத்து ஒருவருக்கு வரமாக அமைந்தது மற்றொருவருக்குச் சுமையாக அமைந்தது. இக்கட்டுரை அவ்வேறுபாடுகளைத் தமிழ்நாட்டை முதன்மைப்படுத்தி விளக்குகிறது.

== தோற்றம் ==

தொலைப்பணி என்னும் கருத்தை 1973-இல் முன்வைத்தவர் அமெரிக்கரான ஜாக் நில்ஸ் ஆவார். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவரது நோக்கம் பணியாளரின் வசதி அன்று. நகரச் சாலைகளின் நெரிசலைக் குறைப்பதே ஆகும். பணியாளரைப் பணியிடத்திற்குக் கொண்டு செல்வதற்கு மாறாகப் பணியைப் பணியாளரிடம் கொண்டு செல்லலாம் என்பது அவர் கூற்றின் சாரம். அவர் முதலில் எண்ணியது வீட்டையும் அன்று. பணியாளர் குடியிருப்புகளுக்கு அருகே அமைக்கப்படும் சிறு கிளை அலுவலகங்களையே அவர் பெரிதும் வலியுறுத்தினார். இக்கருத்து பிற்காலத்தில் தென்காசியிலும் விழுப்புரத்திலும் வேறு வடிவில் செயல்படுத்தப்பட்டது என்பது கீழே விளக்கப்படும்.

அலுவலகத் திரும்புதலும் புதியது அன்று. யாகூ நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த மரிசா மேயர் 2013-இல் வீட்டிலிருந்து பணியாற்றும் முறையை நிறுத்தினார். தொலைப்பணிக்கு நெடுங்காலம் எடுத்துக்காட்டாக விளங்கிய ஐ.பி.எம். நிறுவனமும் 2017-இல் தன் பணியாளர்கள் பலரை அலுவலகங்களுக்கு அழைத்துக் கொண்டது.

== இந்தியச் சட்டநிலை ==

இந்தியாவில் தொலைப்பணி தாமதமாகப் பரவியதற்குத் தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமே காரணம் அன்று. அழைப்பு மையங்களும் அயலாக்கப் பணி நிறுவனங்களும் தொலைத்தொடர்புத் துறையிடம் பிற சேவை வழங்குநர் என்னும் பிரிவில் பதிவு செய்து கொள்ள வேண்டியிருந்தது. பணியாளரை வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதிக்க வேண்டுமாயின் அந்நிறுவனம் 1 கோடி ரூபாய் பிணைத்தொகைக்கு உறுதியளிக்க வேண்டும். அனுமதி பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்தே தனிவலை இணைப்பைப் பெற வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருந்தன. 2020 மார்ச்சில் இவை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. 2020 நவம்பர் 5 அன்று வெளியான புதிய வழிகாட்டு நெறிமுறைகள் பதிவுத் தேவையையே நீக்கின. 2021 சூன் 23 அன்று அவை மேலும் எளிமையாக்கப்பட்டன.

பணியாளர் பக்கம் நின்று பார்த்தால், வீட்டிலிருந்து பணியாற்றுவதைச் சட்டமொன்றில் குறிப்பிட்ட முக்கியமான இடம் 2017-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம் ஆகும். ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பை 26 வாரங்களாக உயர்த்திய இத்திருத்தம், விடுப்பு முடிந்த பின்னர் பணியின் தன்மை இடங்கொடுப்பின் தாய் வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்றும், அதன் கால அளவை இருதரப்பும் ஒப்புக்கொண்டு முடிவு செய்யலாம் என்றும் கூறுகிறது. இது உரிமை அன்று, வாய்ப்பு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் ஒப்பவில்லை எனில் தாய்க்கு வேறு வழி அச்சட்டத்தில் இல்லை. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைத்திருக்க வேண்டும் என்னும் விதியும் இதே திருத்தத்தில் உள்ளது.

== தமிழ்நாட்டில் ==

=== 2020-க்கு முன் ===

சென்னை தரமணியில் டைடல் பூங்கா 2000 சூலையில் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்பத் துறையின் நடுவமாக வளர்ந்தது. இச்சாலையில் தொலைப்பணி முதலில் ஓர் இடர்கால ஏற்பாடாகவே நுழைந்தது. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது அலுவலகங்கள் இயங்காத நிலையில் சில நிறுவனங்கள் தம் பணியாளரைப் பிற நகரங்களுக்கு அனுப்பின. இயன்றவர்களை வீட்டிலிருந்து பணியாற்றச் செய்தன. 2019 சூனில் இதற்கு நேர்மாறான காரணம் ஏற்பட்டது. சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, நிலத்தடி நீரும் குறைந்து, தண்ணீர் லாரிகளை நம்பியிருந்த அலுவலகங்களில் கழிவறைக்குக்கூட நீர் போதாத நிலை உருவானது. அப்போதும் சில நிறுவனங்கள் பணியாளரை வீட்டிலிருந்து பணியாற்றுமாறு கேட்டுக்கொண்டன. நான்கு ஆண்டுகளுக்குள் நீர் மிகுந்ததாலும் நீர் இன்மையாலும் ஒரே சாலையின் அலுவலகங்கள் வீட்டை நாடின என்பது சென்னையைப் பற்றிய செய்தியே அன்றிப் பணிமுறையைப் பற்றிய செய்தி அன்று எனலாம்.

=== ஊரடங்கு ===

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டிலும், மறுநாள் முதல் இந்தியா முழுமையிலும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சில நாட்களில் மடிக்கணினி இல்லாத பணியாளர்களுக்கு மேசைக்கணினிகளே வண்டிகளில் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. ஏறத்தாழ 4.5 லட்சம் பணியாளர்களைக் கொண்டிருந்த டாட்டா கன்சல்டன்சி சர்வீசசு நிறுவனம், 2025-ஆம் ஆண்டளவில் எந்த ஒரு நேரத்திலும் தன் பணியாளரில் 25 விழுக்காட்டினர் மட்டுமே அலுவலகத்தில் இருந்தால் போதும் என்னும் திட்டத்தை 2020 ஏப்ரலில் அறிவித்தது. அதே நிறுவனம் 2023 அக்டோபர் 1 முதல் வாரத்தின் ஐந்து நாட்களும் அலுவலகத்திற்கு வருமாறு தன் பணியாளர்களைக் கேட்டுக்கொண்டது. இவ்விரு அறிவிப்புகளுக்கும் இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில், முதல் அறிவிப்பை நம்பிச் சென்னை வாடகை வீட்டைக் காலி செய்தவர்களும், சொந்த ஊரில் வீடு கட்டக் கடன் பெற்றவர்களும், குழந்தைகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்தவர்களும் உண்டு. நிறுவனத்திற்குத் திட்ட மாற்றம் என்பது ஒரு மின்னஞ்சல். பணியாளருக்கு அது குடும்பத்தையே பெயர்த்து வைப்பது ஆகும்.

== பணியாளர் வகைகளும் தகவமைவும் ==

=== தரவு உள்ளீட்டுப் பணியாளர் ===

இப்பொருள் குறித்த ஆய்வுகளுள் மிகவும் பயனுள்ள ஒன்று சென்னையிலேயே நடத்தப்பட்டது. டேவிட் அட்கின், அந்துவானெட் சோர், சுமித் சிண்டே ஆகிய மூவர் சென்னையில் தரவு உள்ளீட்டுப் பணியாளரைச் சேர்த்து, அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வீட்டிலும் மற்றொரு பிரிவினரை அலுவலகத்திலும் பணியாற்றச் செய்தனர். யார் எவ்விடத்தை விரும்புகின்றனர் என்பதும் கேட்டறியப்பட்டது. ஆய்வறிக்கை 2023-இல் வெளியானது.

வீட்டில் பணியாற்றுமாறு குலுக்கலில் அமைந்தோரின் உற்பத்தித்திறன் அலுவலகத்தில் இருந்தோரைவிட 18 விழுக்காடு குறைவாக இருந்தது. இவ்வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தோன்றியது. எஞ்சிய பங்கு, அலுவலகத்தில் இருந்தோர் நாளடைவில் விரைவாகக் கற்றுக்கொண்டதால் விளைந்தது.

இத்துடன் நின்றுவிட்டால் அலுவலகமே சிறந்தது என்னும் எளிய முடிவு கிட்டும். ஆனால் ஆய்வின் அடுத்த பகுதி அம்முடிவைச் சிக்கலாக்குகிறது. வீட்டுப் பணியை விரும்பியோர் சோம்பலால் அதை விரும்பவில்லை. தொடக்கத் தேர்வில் அவர்களே மற்றவரைவிட 12 விழுக்காடு விரைவும் கூடுதல் துல்லியமும் உடையவர்களாக இருந்தனர். எனினும் வீட்டில் அமர்த்தப்பட்டபோது அவர்களது திறனே மிகுதியாகக் குறைந்தது. வீட்டை விரும்பியோர், அலுவலகத்தில் எட்டக்கூடிய அளவைவிட வீட்டில் 27 விழுக்காடு குறைவாகச் செய்தனர். அலுவலகத்தை விரும்பியோருக்கு இவ்வீழ்ச்சி 13 விழுக்காடு மட்டுமே.

முரண்பாடு போலத் தோன்றும் இம்முடிவுக்கு ஆய்வாளர் ஒரு பகுதி விளக்கம் தருகின்றனர். குழந்தைகளையோ வீட்டிலுள்ள பிறரையோ கவனித்துக்கொள்ளும் பொறுப்புடையோரும் வறிய குடும்பத்தினரும் அலுவலகம் செல்வதில் மிகுந்த தடைகளை எதிர்கொள்கின்றனர். வீட்டுப் பணியை அவர்கள் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமான அதே பொறுப்புகள்தாம் வீட்டில் அவர்களது பணியைக் கெடுக்கின்றன. தொட்டிலை ஆட்டிக்கொண்டே தட்டச்சு செய்வோருக்கு வீட்டுப் பணி ஒரு சலுகை அன்று. வேலையைத் தக்க வைத்துக்கொள்ள எஞ்சியிருக்கும் ஒரே வழியாகும். எனவே, 18 விழுக்காட்டு இழப்பை முழுநேர அலுவலகப் பணியுடன் ஒப்பிடுவது பலர் விடயத்தில் பொருந்தாது. அவர்கள் வேலையே இல்லாமல் இருக்கும் நிலையுடன்தான் அதை ஒப்பிட வேண்டும். ஆய்வு குறித்து எழுதப்படும் செய்திகளில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

=== அழைப்பு மையப் பணியாளர் ===

ஒப்பீட்டிற்காகச் சீனாவின் சிட்ரிப் என்னும் பயண முகமை நிறுவனத்தில் நடந்த சோதனையைக் காணலாம். நிக்கோலசு புளூமும் குழுவினரும் 2010-11-இல் நடத்திய இச்சோதனையில், விருப்பம் தெரிவித்த அழைப்பு மையப் பணியாளரில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலும் ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் அலுவலகத்திலும் ஒன்பது மாதங்கள் பணியாற்றினர். வீட்டில் இருந்தோரின் செயல்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. பணியைவிட்டு விலகுவோர் பாதியாகக் குறைந்தனர்.

சென்னையில் குறைந்தது சாங்காயில் கூடியது ஏன்? இருவேறு தொழில்கள், இருவேறு நாடுகள் என்பது ஒருபுறமிருக்க, சிட்ரிப் சோதனையில் பங்கேற்கத் தனியறையும் அகன்ற அலைவரிசை இணைப்பும் முன்பணியனுபவமும் கட்டாயம் என்பதை மறக்கலாகாது. கதவைச் சாத்திக்கொள்ளக் கூடிய அறை உள்ளவர்களிடம் மட்டுமே அங்கு சோதனை நடந்தது. மேலும், வீட்டில் இருந்தோருக்கு அதே அளவு செயல்திறனுக்குக் கிடைத்த பதவி உயர்வு குறைவாக இருந்தது. சோதனை முடிந்து மீண்டும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டபோது, வீட்டில் இருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்திற்கே திரும்பினர். தனிமையை அவர்கள் முதன்மைக் காரணமாகக் கூறினர்.

=== மென்பொருளாளர் ===

ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனமொன்றின் 10,000-க்கும் மேற்பட்ட பணியாளரின் பதிவுகளை மைக்கேல் கிப்சு, பிரீடரிக்கே மெங்கல், கிறித்தோபு சீம்ரோத் ஆகியோர் ஊரடங்கிற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பணி நேரம் கூடியது; குறிப்பாக வழக்கமான அலுவல் நேரத்திற்குப் பிந்தைய பணி மிகுந்தது. ஆயினும் முடிக்கப்பட்ட பணியின் அளவு சற்றே குறைந்தது. இதனால் ஒரு மணி நேரத்திற்கான உற்பத்தித்திறன் 8 முதல் 19 விழுக்காடு வரை வீழ்ந்தது. கூடிய நேரம் கூட்டங்களிலும் ஒருங்கிணைப்பிலும் கரைந்தது; இடையூறின்றி ஒருவர் அமர்ந்து எழுதக்கூடிய நேரம் சுருங்கியது. மேலாளருடன் தனியாகப் பேசும் வாய்ப்பும் குறைந்தது. குழந்தைகள் உள்ளோருக்கு வீழ்ச்சி மிகுதி. நிறுவனத்தில் நெடுநாள் பணியாற்றியோருக்குக் குறைவு.

மென்பொருள் துறையில் பணிபுரியும் எவருக்கும் இது வியப்பளிக்காது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்குத் திரும்பிக் கேட்டால் அரை நிமிடத்தில் தீரும் ஐயம், தொலைப்பணியில் அரை மணி நேரக் கூட்டமாக நாட்காட்டியில் ஏறிவிடும். அமெரிக்க வாடிக்கையாளரின் காலைப் பொழுது நமக்கு மாலை என்பதால், அலுவலகப் பேருந்து புறப்படும் நேரம் என்னும் இயற்கையான எல்லை நீங்கியபின் இரவு பத்து மணிக் கூட்டமும் வழக்கமாயிற்று.

=== புதிதாகச் சேர்ந்தோர் ===

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பொறியியல் பட்டம் பெற்றுப் பணியில் சேர்ந்தோர் தம் அலுவலகத்தைப் பாராமலேயே ஓராண்டிற்கும் மேல் பணியாற்றினர். அமெரிக்காவில் மென்பொருட் பொறியாளர்களைக் கொண்டு நடாலியா இமானுவேல், எம்மா ஆரிங்டன், அமண்டா பலாயிசு ஆகியோர் நடத்திய ஆய்வு, குழுவினர் அருகருகே அமர்ந்திருக்கும்போது இளையோரின் நிரல்களுக்குக் கிடைக்கும் கருத்துரைகள் கூடுகின்றன என்றும், அதே வேளையில் மூத்தோர் எழுதும் நிரலின் அளவு குறைகிறது என்றும் காட்டியது. இளையோர் கற்பதன் விலையை மூத்தோர் தம் நேரத்தால் செலுத்துகின்றனர் என்பது இதன் பொருள். எனவே அலுவலகத் திரும்புதலால் இளையோரும் மூத்தோரும் பெறுவது ஒன்றல்ல. வீட்டில் தனியறையும் முதிர்ந்த அனுபவமும் கொண்ட மூத்த பொறியாளர் எதை இடையூறு என்கிறாரோ அதுவே புதியவருக்குப் பள்ளிக்கூடம்.

கிராமப்புறத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவ்விழப்பு மேலும் பெரிது. ஆங்கிலத்தில் கூட்டத்தில் பேசுவது, வாடிக்கையாளரிடம் மறுத்துரைப்பது, ஊதிய உயர்வு கேட்பது போன்றவற்றை எந்தப் பயிற்சிக் காணொளியும் கற்பிப்பதில்லை. உணவுக்கூடத்திலும் தேநீர்க் கடையிலும் பிறரைப் பார்த்தே அவை பழகப்படுகின்றன.

=== பெண்கள் ===

தொலைப்பணி பெண்களுக்கு உகந்தது என்பது பரவலான கருத்து. நடைமுறை இருமுனையுடையது. பயண நேரம் மிச்சமாதல், மகப்பேற்றிற்குப் பின் பணியைத் தொடர முடிதல், இரவுப் பயணம் தவிர்தல் ஆகியன உண்மையான பயன்கள். ஆனால் வீட்டில் இருக்கும் பெண் பணியில் இருக்கிறாள் என்பதை வீட்டார் ஏற்பது எளிதாக நிகழ்வதில்லை. ஆண் மடிக்கணினியின் முன் அமர்ந்தால் அவருக்குத் தேநீர் வருகிறது. பெண் அமர்ந்தால் தேநீர் கேட்கப்படுகிறது.

டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தில் 2022-23 நிதியாண்டில் பெண்களின் விலகல் விகிதம் ஆண்களைவிட மிகுந்திருந்தது. முந்தைய ஆண்டுகளில் நிலை இதற்கு மாறாக இருந்ததென அதன் மனிதவளத் தலைவர் மிலிந்த் லக்காட் ஆண்டறிக்கையில் குறிப்பிட்டார். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து பணியாற்றியது சில பெண்களின் குடும்ப ஏற்பாடுகளை மாற்றியமைத்துவிட்டது, நிலைமை சீரான பின்னரும் அவர்கள் அலுவலகம் திரும்ப இயலவில்லை என்பது அவர் முன்வைத்த ஊகம். சமையலுக்கு வைத்திருந்த ஆளை நிறுத்தியது, மாமியாரோ தாயாரோ ஊருக்குத் திரும்பியது, குழந்தைக் காப்பகம் மூடப்பட்டது போன்ற சிறு மாற்றங்களை மீண்டும் பழையபடி ஆக்குவது எளிதன்று. சென்னைக்குத் தனியே திரும்பும் பெண்களுக்குத் தங்குமிடமும் ஒரு கேள்வியாகும். தமிழ்நாடு அரசு பணிபுரியும் மகளிருக்கெனத் தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் தோழி விடுதிகளை நடத்துகிறது.

=== மேலாளர் ===

புளூம் குழுவினரின் அடுத்த சோதனை 2021-22-இல் அதே நிறுவனத்தில், டிரிப்.காம் என்று பெயர் மாறிய பின், 1,612 பணியாளரிடம் நடைபெற்றது. இம்முறை வாரத்தில் இரு நாட்கள் மட்டும் வீடு. பணி விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மேலாளர் அல்லாதோர், பெண்கள், நெடுந்தொலைவு பயணம் செய்வோர் ஆகியோரிடையே இக்குறைவு தெளிவாக இருந்தது. பதவி உயர்விலும் செயல்திறன் மதிப்பீட்டிலும் வேறுபாடு காணப்படவில்லை. சோதனைக்கு முன் கலப்புப் பணியால் உற்பத்தித்திறன் சராசரியாக 2.6 விழுக்காடு குறையும் என்று எண்ணிய மேலாளர்கள், சோதனைக்குப் பின் அது 1 விழுக்காடு உயரும் என்று கருதினர்.

மேலாளரின் தயக்கத்திற்கும் காரணம் உண்டு. பார்வையில் இருப்பதையே உழைப்பாகக் கொள்ளும் பழக்கம் ஒன்று. மற்றொன்று, 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம் போட்டி நிறுவனங்களிலும் மறைவாகப் பணியாற்றியதற்காக 300 பேரை நீக்கியதாக அதன் தலைவர் ரிசாத் பிரேம்சி அறிவித்தது. இரட்டை வேலை குறித்த ஐயம் அதன்பின் வருகைப் பதிவைக் கடுமையாக்க ஒரு காரணமாகக் காட்டப்பட்டது.

=== வீட்டிற்குக் கொண்டு செல்ல இயலாத பணிகள் ===

அலுவலக வளாகத்தின் காவலர், துப்புரவாளர், உணவகப் பணியாளர், வாடகை வண்டி ஓட்டுநர் ஆகியோருக்குத் தொலைப்பணி என்பது வேலையிழப்பின் மறுபெயர். பொறியாளரின் ஊதியம் ஊரடங்கில் தொடர்ந்தது; அவரை அழைத்து வந்த வண்டி ஓட்டுநரின் வருவாய் நின்று, வண்டிக் கடனின் தவணை மட்டும் தொடர்ந்தது. அலுவலகத் திரும்புதலை இப்பிரிவினர் வரவேற்றனர் என்பது தொலைப்பணி விவாதங்களில் அரிதாகவே பேசப்படுகிறது.

வீட்டில் எவ்வகை நாற்காலியில் அமர்வது முதுகுக்கு நல்லது என்று மென்பொருளாளர் விவாதித்துக் கொண்டிருந்த 2021-ஆம் ஆண்டில்தான், கடைப் பணியாளர் அமர இருக்கை தரப்பட வேண்டும் என்னும் திருத்தம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்யப்பட்டது என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

== அலுவலகத் திரும்புதல் ==

விப்ரோ 2023 நவம்பரில் வாரத்திற்கு மூன்று நாட்கள் வருகையைக் கட்டாயமாக்கியது. இன்ஃபோசிசு மாதத்திற்கு 10 நாட்கள் என்னும் முறையைக் கொண்டு வந்து, 2025 மார்ச்சில் அதை வருகைப் பதிவு மென்பொருளின் வழியே நடைமுறைப்படுத்தியது. டாட்டா கன்சல்டன்சி 2024-இல் மாறும் ஊதியப் பகுதியை வருகையுடன் இணைத்தது. 60 விழுக்காட்டிற்குக் குறைவான வருகை உடையோர் அப்பகுதியை இழந்தனர். வெளிநாட்டிலும் இதே போக்கே காணப்பட்டது. அமேசான் 2025 சனவரி முதல் வாரத்திற்கு ஐந்து நாட்கள் என அறிவித்தது.

நாட்களின் எண்ணிக்கையைவிட அவை எவ்வாறு அமைக்கப்படுகின்றன என்பதே முக்கியம் எனக் கருத இடமுண்டு. மேற்கூறிய கிப்சு குழுவினர் 2024-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமொன்றின் 48,000-க்கும் மேற்பட்ட பணியாளர் அளித்த புதிய யோசனைகளை ஆராய்ந்தனர். முழுத் தொலைப்பணியில் யோசனைகளின் எண்ணிக்கை குறையவில்லை, தரம் குறைந்தது. கலப்புப் பணியில் எண்ணிக்கையே குறைந்தது. குழுவினர் வெவ்வேறு நாட்களில் அலுவலகம் வந்த இடங்களில் பாதிப்பு மிகுந்திருந்தது. இரண்டு மணி நேரம் பயணம் செய்து அலுவலகம் வந்து, எதிர் மேசை காலியாக இருக்க, காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு பெங்களூரிலுள்ள குழுவுடன் பேசுவது இரு முறைகளின் குறைகளையும் ஒன்றாகக் கொண்டதாகும்.

== ஊர் தேடி வரும் அலுவலகம் ==

வீட்டிற்கும் தலைநகர அலுவலகத்திற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று தமிழ்நாட்டில் ஊரடங்கிற்கு முன்பே தோன்றியது. சோகோ நிறுவனம் 2011-இல் தென்காசியில் அலுவலகம் தொடங்கியது. அதன் நிறுவனர் சிறீதர் வேம்பு 2019-இல் தென்காசி அருகேயுள்ள மத்தளம்பாறைக்குக் குடிபெயர்ந்தார். ஊரடங்கின்போது ஊர் திரும்பிய பணியாளர்களுக்காக இந்நிறுவனம் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் சிறு அலுவலகங்களை ஏற்படுத்தியது. பணியாளர் வீட்டிலேயே உண்டு உறங்கி, ஆனால் வீட்டிற்கு வெளியே ஓர் இருக்கையில் அமர்ந்து பணியாற்ற இது வழி செய்தது. சென்னை ஆய்வு சுட்டிய இடையூறுகளில் பெரும்பகுதி இதனால் தவிர்க்கப்படக் கூடும். இது நில்சு 1973-இல் எண்ணிய கிளை அலுவலகத்திற்கு நெருங்கிய வடிவம் ஆகும்.

அரசுத் தரப்பில் டைடல் நியோ எனப்படும் சிறு பூங்காக்கள் இரண்டாம் நிலை நகரங்களில் அமைக்கப்பட்டன. இவற்றுள் ஒன்று விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், திருச்சிற்றம்பலத்தில் 31 கோடி ரூபாய் செலவில் 63,000 சதுர அடிப் பரப்பில் கட்டப்பட்டு 2024 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. கட்டடம் மட்டும் போதாது. சென்னையில் கிடைக்கும் அதே பணியும் ஊதியமும் இங்கும் கிடைத்தால்தான் பணியாளர் தங்குவர்.

== மரக்காணம் பகுதி ==

வானூருக்கு வடக்கே, மரக்காணத்தை அடுத்துள்ள பிரம்மதேசம் போன்ற ஊர்கள் இச்சிக்கலின் எல்லாக் கூறுகளையும் ஒருங்கே கொண்டவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மரக்காணம், அன்றாடம் சென்று திரும்ப இயலாத தொலைவும், முற்றிலும் பிரிந்துவிட இயலாத அண்மையும் உடையது. தொலைப்பணிக் காலத்தில் இங்கிருந்து சென்னை நிறுவனத்திற்குப் பணியாற்றிய ஒருவர், மாதம் பத்து நாட்கள் என்னும் முறையில் திங்களன்று விடியுமுன் திண்டிவனம் சென்று பேருந்தோ விழுப்புரம்–தாம்பரம் தொடர்வண்டியோ பிடித்து, வாரத்தின் நடுப்பகுதியைப் பகிர்வு அறையொன்றில் கழிக்க நேரும். தென் மாவட்டப் பேருந்துகள் 2024 தொடக்கத்தில் கிளாம்பாக்கத்திற்கு மாற்றப்பட்டதால் பழைய மகாபலிபுரம் சாலைக்குச் செல்ல அங்கிருந்து மேலும் ஒரு வண்டி மாற வேண்டியுள்ளது.

இப்பகுதியின் மரபுவழித் தொழிலான உப்பு விளைச்சலில் பணியிடம் என்பதற்கு மாற்றே இல்லை. பாத்தியில் கடல்நீரோ நிலத்தடி உவர்நீரோ பாய்ச்சி, வெயிலில் காய வைத்து, படிந்த உப்பை வாரி வரப்பில் குவிக்கும் இத்தொழில் ஆண்டின் முற்பகுதியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரை நடைபெறுகிறது. மழை தொடங்கினால் பாத்திகள் கரைந்து பணி நின்றுவிடும். அம்மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது.

இரு வகைப் பணியாளரும் ஒரே வீட்டில் இருப்பது இங்கு அரிதன்று. தந்தையோ தாயோ உப்பளத்திலும், மகனோ மகளோ மடிக்கணினியிலும் பணியாற்றும் வீட்டில், பகலில் வீட்டிலிருப்பவர் வேலையில்லாதவர் என்னும் எண்ணம் மாறக் காலம் பிடிக்கிறது. பணி போய்விட்டதா என்னும் கேள்வியைத் தெருவில் எதிர்கொள்ளாத தொலைப்பணியாளர் சிற்றூரில் குறைவு. இத்துடன் மின்தடையும், இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படும் வீட்டு மின்கட்டணம் பயன்பாடு கூடக் கூட உயர்படிக்குச் செல்வதும் சேர்ந்து கொள்கின்றன. அலுவலகம் ஏற்று வந்த குளிர்சாதன, மின்னாக்கிச் செலவு இவ்வாறு சத்தமின்றிக் குடும்பத்தின் கணக்கிற்கு மாறுகிறது.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் தம் பணியாளரை வீட்டிலிருந்து பணியாற்றச் செய்யுமாறு தமிழ்நாடு அரசு முன்னதாகவே அறிவுறுத்தியிருந்தது. சென்னையைக் கருத்தில் கொண்ட அவ்வறிவுரை சென்னைக்குப் பொருந்தியது. விழுப்புரம் மாவட்டத்திலோ மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாகி, ஊர்கள் வெள்ளத்தில் சூழப்பட்டு மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. மரக்காணத்தின் உப்பளங்கள் நீரில் மூழ்கின.